பாட்டுக் கடைகள் பிழைக்குமா? - வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஊருக்கு ஊர் மூடப்பட்டுவரும் கேசட், சிடி கடைகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தெருவுக்கொரு பாட்டுக் கடை இருந்த காலம் போய்விட்டது. அவற்றை அழித்தது கைப்பேசிதானே? (வாசகர், மதுரை)

பதில்: கைப்பேசி கொடுத்தது கடைசி அடி. மும்பை காலா கோடாவில் 1940களிலிருந்து இயங்கிவந்த ரிதம் ஹவுஸ், 2016 பிப்ரவரியில் மூடப்பட்டது. கொல்கத்தா பார்க் தெருவில் இருந்த மியூசிக் வேர்ல்டு அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2013இல் மூடப்பட்டுவிட்டது. ஜியோ வந்து இணையம் மலிவானதோ 2016 செப்டம்பரில்தான். இணையம் வழியே பாட்டு கைப்பேசிக்குள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பெரிய கடைகள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன என்பதை இந்த வரிசையே காட்டிவிடுகிறது.

நம் ஊர்க் கடைகளை முதலில் சாய்த்தது எம்பி3 சிடி. பத்துப் பன்னிரண்டு பாடல்கள் கொண்ட அசல் சிடியைக் கடைக்காரர் முதல் போட்டு வாங்கி அலமாரியில் அடுக்கியிருக்க, வெளியே நடைபாதையில் ஒரே வட்டில் நூற்றைம்பது பாடல்கள் அதைவிடக் குறைந்த விலைக்கு விற்றன. அடுத்து வந்தது மெமரி கார்டு. ரீசார்ஜ் கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் பாட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். இவற்றோடு வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: மாத வாடகை இருபதாயிரம், சிடி ஒன்றுக்கு லாபம் ஐம்பது ரூபாய் என்றால், வாடகைக்கு மட்டுமே நானூறு சிடி விற்றாக வேண்டும். மின்கட்டணமும் உதவியாள் சம்பளமும் வீட்டுச் செலவும் அதற்கு மேல். கடைவீதியில் வாடகை ஆண்டுதோறும் ஏறியது. சிடியின் லாபமோ ஏறவே இல்லை.

கேள்வி: கேட்ட பாடல்களைக் கேசட்டில் பதிந்து கொடுத்த அந்த ரெக்கார்டிங் சென்டர்களே திருட்டுப் பதிவுக் கடைகள்தாமே? அவற்றுக்காக ஏன் வருந்த வேண்டும்? (வாசகர், சேலம்)

பதில்: நியாயமான கேள்வி. உரிமம் பெறாமல் பாடல்களைக் காசுக்கு நகல் எடுத்துக் கொடுத்தது, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றமே. இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் கேசட் நிறுவனத்துக்கும் போகவேண்டிய பணம் அங்கே போகவில்லை. இதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆயினும் அங்கே ஒரு தொழில்திறன் இருந்தது. நான் பள்ளி நாளில் போய்வந்த கடையில், நோட்டுத் தாளில் எழுதிய பட்டியலைக் கொடுத்தால், கடைக்காரர் அதைப் பார்த்தபடியே மனத்துக்குள் நிமிடங்களைக் கூட்டுவார். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாடல்கள் போக மூன்று நிமிடம் மிஞ்சும். ஏழாவது பாடல் பாதியில் அறுந்துபோகக் கூடாது என்பதற்காக, அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் பழைய பாடல் ஒன்றைத் தாமே தேடிச் சேர்ப்பார். பதிவு முடிந்ததும், தவறி அழிந்துவிடாமல் இருக்கக் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சிறு நாக்கை உடைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். நான் கேட்காமலே அவர் நிரப்பிக் கொடுத்த அந்தப் பாடல்கள் வழியாகத்தான் நான் பிறப்பதற்கு முந்தைய காலத்து இசை எனக்கு அறிமுகமாயிற்று. என் வருத்தம் அந்த மனிதருக்காகத்தான்.

கேள்வி: வெளிநாடுகளில் இத்தகைய கடைகள் எப்படிப் பிழைத்தன? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அங்கேயும் ஏராளமானவை பிழைக்கவில்லை. டவர் ரெக்கார்ட்ஸ் போன்ற பெரும் நிறுவனமே அமெரிக்காவில் 2006இல் தன் கடைகளை இழுத்து மூடியது. தப்பிய சிறு கடைகளைப் பார்த்தால், அவற்றின் பின்னால் ஊராரின் ஆதரவோ கடைக்காரர்களின் ஒற்றுமையோ இருந்திருக்கிறது. வேல்ஸின் கார்டிஃப் நகரில் 1894 முதல் நடக்கும் ஸ்பில்லர்ஸ், உலகின் மிகப் பழைய இசைத்தட்டுக் கடையாகக் கருதப்படுகிறது. 2006இல் வாடகை உயர்வால் அது மூடப்படும் நிலை வந்தபோது, ஊர்மக்களும் இசைக்கலைஞர்களும் திரண்டு குரல் கொடுத்தார்கள். 2010இல் அது வேறிடத்துக்கு மாறி, இன்றும் நடக்கிறது.

அமெரிக்காவில் தனிக் கடைக்காரர்கள் கூடிப் பேசி, ரெக்கார்ட் ஸ்டோர் டே என்று ஒரு நாளை வகுத்து, 2008 ஏப்ரல் 19 அன்று முதன்முறையாக நடத்தினார்கள். அன்று மட்டும் அத்தகைய கடைகளில் கிடைக்கும்படி கலைஞர்கள் தனி இசைத்தட்டுகளை வெளியிடுவது அதன் உயிர்நாடி. 2022இல் அங்கே வினைல் இசைத்தட்டுகள் சுமார் 4 கோடியே 10 லட்சமும் சிடிக்கள் சுமார் 3 கோடியே 30 லட்சமும் விற்றன. எண்ணிக்கையில் இசைத்தட்டு சிடியை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை.

அரசின் பங்கையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில், வெளியிலிருந்து வரும் மலிவான பொருள்களுக்கு அளிக்கப்பட்ட மதிப்புக்கூட்டு வரிச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு, இணைய நிறுவனங்கள் ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி, கெர்ன்சி தீவுகளிலிருந்து வரியில்லாமல் சிடிக்களை அனுப்பிவந்தன. வரி கட்டி விற்ற தெருக்கடை அந்த விலையோடு போட்டியிட முடியவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2012 ஏப்ரலில்தான் அந்தச் சலுகை அத்தீவுகளுக்கு நீக்கப்பட்டது. அதற்குள் பல கடைகள் போய்விட்டன. ஆகவே, காலம் மாறிவிட்டது, கடை போய்விட்டது என்று யாராவது எளிதாகச் சொல்லும்போது நான் ஒப்புக்கொள்வதில்லை. காலத்தின் கணக்கில் எழுதப்படுபவற்றுள் பாதி, யாரோ வகுத்த வரியும் யாரோ ஏற்றிய வாடகையும்தான்.

கேள்வி: எல்லாப் பாட்டும் இப்போது கையில் இருக்கிறதே, இழப்பு என்ன? (மாணவர், திருச்சி)

பதில்: உங்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி பெரிது; கேசட் வாங்கக் காசில்லாமல் கடை வாசலில் நின்று பாட்டுக் கேட்டவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் எல்லாப் பாட்டும் உங்கள் கையில் இல்லை. 2019இல் உரிமத் தகராறு காரணமாக, பழைய எச்எம்வி பதிவுகளை வைத்திருக்கும் சரிகம நிறுவனத்தின் பாடல்கள் ஸ்பாட்டிஃபை என்னும் பாட்டுச் செயலியிலிருந்து நீக்கப்பட்டன. 2020இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே திரும்பின. அலமாரியில் உள்ள சிடி அப்படிக் காணாமற்போகாது. அதோடு, சிறு நிறுவனங்கள் வெளியிட்ட வில்லுப்பாட்டு, தெருக்கூத்து, நாகஸ்வரக் கேசட்டுகளில் எத்தனையோ எந்தச் செயலியிலும் ஏறவில்லை.

கேள்வி: கோவில்பட்டி அருகே என் தந்தையார் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கேசட், சிடி கடை நடத்துகிறார். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வியாபாரம் இல்லை. மூடிவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்? (வாசகி)

பதில்: கட்டடம் சொந்தமா, வாடகையா என்று தாங்கள் எழுதவில்லை. சொந்தமென்றால் அவசரம் வேண்டாம். வாடகையென்றால், இன்னும் எத்தனை மாதம் கைக்காசு போட முடியும் என்பதைத் தந்தையாரோடு உட்கார்ந்து இன்றே எழுதிவிடுங்கள். வாடகை கட்ட நகையை அடகு வைக்கும் நிலைக்கு மட்டும் போகாதீர்கள். கைப்பேசி உறை விற்கும் கடையாக மாற்றவும் அவசரப்பட வேண்டாம், அந்தத் தெருவில் ஏற்கெனவே நான்கு கடைகள் அதைத்தான் விற்றுக்கொண்டிருக்கும்.

அவரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அவருக்குக் கேசட்டைக் கையாளத் தெரியும். தங்கள் பகுதியில் பழைய பீரோக்களைத் திறந்தால், வீட்டாரே பதிவு செய்த கேசட்டுகள் கிடைக்கும்: கோயில் கொடையில் நடந்த வில்லுப்பாட்டு, கல்யாண வீட்டு மேளம், வளைகுடா நாட்டில் வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய ஒலிநாடாக்கள். இறந்துபோன தகப்பனாரின் குரல் அதில்தான் இருக்கும். அதைக் கேட்க வீட்டில் டேப் ரெக்கார்டர் இருக்காது. கேசட்டை ஓட்ட நல்ல டெக் ஒன்று, கணினியோடு இணைக்கும் கம்பி, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் ஆகியவை போதும், இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் ஆகும் என்பதால், கூலியை மணிக் கணக்கில் சொல்லுங்கள். வெள்ளைப் பூஞ்சை பூத்த நாடாவை அப்படியே ஓட்டினால் டெக்கின் தலை கெட்டு, அடுத்த கேசட்டுக்கும் தொற்றும் என்பது தந்தையாருக்கே தெரிந்திருக்கும். இந்த வருமானம் ஒரு குடும்பத்தை முழுதாகத் தாங்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கடையைத் திறந்து வைத்திருக்க ஒரு காரணத்தையாவது கொடுக்கும்.

ஒருவேளை மூடுவதென்றே முடிவானால், சரக்கை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நோட்டில் பாடியவர், வெளியிட்ட நிறுவனம், கேசட் எண் ஆகியவற்றை எழுதி, சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை கேசட்டுகளின் நாடாவை ஒரு பக்கமாக முழுதும் சுற்றி, பெட்டியில் நிறுத்தி அடுக்கி வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் மட்டும் வைக்க வேண்டாம்.