இன்றைய அமெரிக்க இண்டி ராக், கன்ட்ரி, ஹிப்-ஹாப்: எதில் நல்ல பாட்டு வருகிறது, எங்கே தொடங்கலாம்?

இண்டி ராக் (பெரிய நிறுவனங்களுக்கு வெளியே வளர்ந்த ராக்), கன்ட்ரி (தென்மாநிலக் கிராமப்புற இசையிலிருந்து வந்தது), ஹிப்-ஹாப் (தாளத்தின் மேல் பேச்சு நடையில் ராப் செய்வது) ஆகிய மூன்றில் எதில் இப்போது நல்ல பாட்டு வருகிறது, புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றிலும் வருகிறது. ஆனால் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக் கேட்டால் பாதிதான் பிடிபடும். சில வருடங்களாக எனக்கு மிகவும் பிடித்த பாட்டுகளில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வருகிறது. அங்கே இந்த இசைகள் எல்லாம் ஒன்றோடொன்று பழகி வளர்ந்தவை. அதனால் வகையைப் பார்த்துக் கேட்பதைவிட ஊரைப் பார்த்துக் கேளுங்கள் என்பேன்.

தொடங்குவதற்கு ஆஷ்வில் நல்ல ஊர். வட கரோலினாவின் மலைப்பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து வந்த வெட்னஸ்டே என்ற இசைக்குழுவின் 2023 ஆல்பம் 'ராட் சா காட்'. போட்டவுடன் காதில் அறைவது கிட்டார் இரைச்சல். கொஞ்சம் பொறுத்தால் அந்த இரைச்சலுக்கு உள்ளேயிருந்து ஸ்டீல் கிட்டார் கேட்கும். கன்ட்ரி இசையின் அடையாளமே அந்தக் கருவிதான். கம்பியின் மேல் உலோகத் துண்டை வைத்து நகர்த்தி வாசிப்பதால், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது உடனே பிடித்துவிடும் என்று நினைக்கிறேன். பாடி எழுதும் கார்லி ஹார்ட்ஸ்மன், தான் வளர்ந்த சுற்றுவட்டாரத்தையே எழுதுகிறார்: சிறுவயதுத் தப்புத்தண்டாக்கள், போதை, அக்கம்பக்கத்து வீடுகளில் நடந்தவை. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் 'புல் பிலீவர்' பாட்டின் முடிவில் அவர் பாடுவதை விட்டுவிட்டு அலறுகிறார். முதல் தடவை கேட்கும்போது சத்தமாக வைத்துக் கேளுங்கள்.

அந்தக் குழுவில் கிட்டார் வாசித்தவர் எம்.ஜே. லெண்டர்மன். அவருடைய சொந்த ஆல்பம் 'மானிங் ஃபயர்வொர்க்ஸ்' 2024 செப்டம்பரில் வந்தது. வாழ்க்கையைக் கோட்டை விட்ட ஆண்களைப் பற்றிய பாட்டுகள். அவர்களைக் கேலி செய்து தள்ளிவிடுவதும் இல்லை, நியாயப்படுத்துவதும் இல்லை. குரலில் எந்த அலங்காரமும் கிடையாது. ஆனால் கிட்டார் சோலோ வரும்போது, பாட்டில் அந்த ஆள் சொல்ல முடியாமல் விட்டது எல்லாம் அதில் வந்துவிடுகிறது.

அதே வருடம் மார்ச்சில் வந்த 'டைகர்ஸ் பிளட்' ஆல்பத்திலும் இதே லெண்டர்மன் வாசிக்கிறார், கூடவே பாடுகிறார். அது வாக்ஸஹாச்சி என்ற பெயரில் பாடும் கேட்டி கிரட்ச்ஃபீல்டின் ஆல்பம். அலபாமாவின் பர்மிங்ஹாமில் வளர்ந்தவர், இரட்டைச் சகோதரியோடு பங்க் என்ற முரட்டு ராக் இசையில் தொடங்கியவர். அதில் 'ரைட் பேக் டு இட்' என்ற பாட்டு முழுக்க பேஞ்சோ என்ற கம்பிக் கருவி ஓடுகிறது. நீண்ட காலக் காதலில் மனம் அங்கே இங்கே அலைந்துவிட்டுத் திரும்பி வருவதைப் பற்றிய பாட்டு. காதல் தொடங்குவதற்கும் முறிவதற்கும் ஆயிரம் பாட்டு உண்டு. நடுவில் தொடர்ந்து ஓடும் நாட்களுக்கு இவ்வளவு நல்ல பாட்டு அபூர்வம். இது இண்டி ராக்கா, கன்ட்ரியா? கேட்கும்போது எனக்கு அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

அந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இசைக்குள் இருந்து வரவில்லை. 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவருக்கு விற்க 'ரேஸ்' என்று ஒரு பட்டியலும், தென்பகுதி வெள்ளையருக்கு விற்க 'ஹில்பில்லி' என்று ஒரு பட்டியலும் போட்டன. 1949-இல், எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று தரவரிசை போடும் பில்போர்ட் இதழ் அவற்றுக்கு ரிதம் அண்ட் புளூஸ், கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் என்று மரியாதையான பெயர்களை வைத்தது. ஆனால் பாட்டுகள் அதற்கு முன்பே கலந்து கிடந்தவை. கன்ட்ரியின் சொத்தாகச் சொல்லப்படும் பேஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கருவி. கன்ட்ரியின் முதல் குடும்பம் என்று போற்றப்படும் கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டு சேகரித்தபோது, கூடவே போய் மெட்டுகளை மனதில் ஏற்றிக்கொண்டவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் அடங்கவில்லை.

நூறு வருடம் கழித்தும் அந்தப் பட்டியல் வேலை செய்கிறது. 2019-இல் லில் நாஸ் எக்ஸ் என்ற அட்லாண்டா பக்கத்துக் கறுப்பினப் பையன், 30 டாலருக்கு வாங்கிய பீட்டின் (தயாராகக் கிடைக்கும் தாள இசை) மேல் 'ஓல்ட் டவுன் ரோட்' பாடினான். பில்போர்ட் அதைக் கன்ட்ரி வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. அந்தப் பாட்டு பொது வரிசையில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. 2024-இல் ஷபூஸி என்ற கறுப்பினப் பாடகர், ஜே-க்வான் என்ற ராப்பரின் 2004-ஆம் வருடப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் வரியை எடுத்து ஒரு கன்ட்ரி பாட்டு செய்தார். அதுவும் அதே 19 வாரம். இந்த முறை கன்ட்ரி வரிசையிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அங்கேயும் முதலிடம், அதுவும் பாப் நட்சத்திரம் பியான்சேயின் பாட்டைத் தள்ளிவிட்டு.

பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' 2025 பிப்ரவரியில் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. கறுப்பினக் கலைஞர் ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் தடவை. எனக்கு அந்த ஆல்பம் முழுதும் பிடிக்கவில்லை, ரொம்ப நீளம். ஆனால் அதில் லிண்டா மார்டெல்லின் குரலை வைத்ததற்காக பியான்சேவுக்கு நான் நன்றி சொல்வேன். 1969-இல், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் மார்டெல். 1970-இல் ஒரே ஒரு ஆல்பம், அத்தோடு நாஷ்வில் அவரை மறந்துவிட்டது. அந்த ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது.

இப்போது வானொலியில் ஓடும் கன்ட்ரியைப் பற்றிக் கொஞ்சம். அட்லாண்டா ராப்பில் பழகிய ட்ராப் என்ற கனமான பீட்டும் துடிக்கும் ஹை-ஹாட்டும் (டிரம்ஸின் ஜோடித் தட்டு) அதில் தாராளமாக இருக்கின்றன. கலப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கன்ட்ரி பாடகர் மார்கன் வாலன் 2023-இல் 36 பாட்டும் 2025-இல் 37 பாட்டும் கொண்ட ஆல்பங்கள் போட்டாரே, அதில்தான் ஆட்சேபம். ஒவ்வொரு பாட்டின் ஸ்ட்ரீமிங்கும் ஆல்பத்தின் கணக்கில் சேரும் என்பதால் நீட்டிக்கொண்டே போகிறார்கள். பாட்டுகள் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் கரைந்துவிடுகின்றன. நல்ல குரல், வீணாகிறது.

அதற்குப் பதில் டைலர் சைல்டர்ஸைக் கேளுங்கள். அவரும் கன்ட்ரி பாடகர், கிழக்குக் கென்டக்கி மலைக்காரர். 2020 மார்ச்சில் அதே மாநிலத்தின் லூயிவில் நகரில் பிரியோனா டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை அவர் வீட்டுக்குள்ளேயே போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்த செப்டம்பரில் சைல்டர்ஸ் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு ஃபிடில் (வயலின்) ஆல்பம் வெளியிட்டார். எட்டு பாட்டுக்கு வாத்தியம் மட்டும். கடைசிப் பாட்டில் வாயைத் திறந்து, தன்னைக் கேட்கும் வெள்ளைக்கார மலை மக்களிடம் கேட்கிறார்: இது நம் ஊரில், நம் பிள்ளைகளுக்கு நடந்தால் நாம் சும்மா இருப்போமா? தன் ரசிகர்கள் பலருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே பாடினார். 2025-இல் வந்த அவருடைய 'ஸ்னைப் ஹன்டர்' ஆல்பத்தில் 'தீர்த்த யாத்ரா' என்றே ஒரு பாட்டு இருக்கிறது, இந்தியாவுக்குப் புனிதப் பயணம் போக ஆசைப்பட்டு. ஆல்பத்தைத் தயாரித்தவர் ரிக் ரூபின், 1984-இல் கல்லூரி விடுதி அறையிலிருந்து டெஃப் ஜாம் என்ற ஹிப்-ஹாப் நிறுவனத்தைத் தொடங்கிய அதே ஆள்.

சரி, ஹிப்-ஹாப். 2025 அக்டோபரில் பில்போர்ட் பொது வரிசையின் முதல் 40 இடங்களில் ஒரு ராப் பாட்டுகூட இல்லை, 1990-க்குப் பிறகு இதுவே முதல் தடவை என்று செய்தி வந்தது. உடனே ஹிப்-ஹாப் செத்துவிட்டது என்று எழுதினார்கள். பழைய பாட்டுகளை வரிசையிலிருந்து சீக்கிரம் இறக்கும்படி விதியை மாற்றியதால் கென்ட்ரிக் லமாரின் பாட்டு ஒன்று வெளியே போனதுதான் அதற்கு உடனடிக் காரணம். அந்தக் கோடையில்தான் கிளிப்ஸ், 2009-க்குப் பிறகு தங்கள் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். வர்ஜீனியாவைச் சேர்ந்த அண்ணன் தம்பி, மாலிஸும் புஷா டியும். முதல் பாட்டில் தம்பி அம்மாவோடு பேசிய கடைசிப் பேச்சுகளைச் சொல்கிறார். அண்ணன், அப்பா இறந்து கிடந்ததைக் கண்ட நாளைச் சொல்கிறார். சில மாத இடைவெளியில் இருவரையும் இழந்தவர்கள். நல்ல கன்ட்ரி பாட்டு செய்வதைத்தான் அந்தப் பாட்டும் செய்கிறது: பெரிய வார்த்தை எதுவும் இல்லாமல், வீட்டுக்குள் நடந்ததை நடந்தபடி சொல்வது. எனக்கு அந்த வருடத்தின் மிகச் சிறந்த பாட்டு அதுதான்.

பெரிய வரிசைகளில் வராத ராப்பும் கேட்க வேண்டும் என்றால் தெற்கை விட்டு நியூயார்க்குக்கு வாருங்கள். பில்லி வுட்ஸ் என்ற ராப்பர், முகத்தைக் காட்டாமல், சொந்த நிறுவனம் வழியாகவே ஆல்பம் போடுபவர். சிறுவயதின் ஒரு பகுதி ஜிம்பாப்வேயில் கழிந்தது. இசைத் தயாரிப்பாளர் கென்னி சீகலோடு சேர்ந்து 2023-இல் செய்த 'மேப்ஸ்', கச்சேரிக்காக ஊர் ஊராக அலையும் ஒருவனின் பயணம். விமானம், ஹோட்டல், சாப்பாடு, காத்திருப்பு என்று போகும். வரிகள் அடர்த்தியானவை. முதல் தடவை வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள், இரண்டாவது தடவை மூடிவிடுங்கள். ஷஃபிள் மட்டும் போடாதீர்கள். பயணம் வரிசையாகத்தான் போகிறது, கடைசிப் பாட்டுக்குள் வரும்போதுதான் அவர் மகனோடு விளையாட்டு மைதானத்தில் நிற்கிறார்.