சோதனையில் ஒன்றுமில்லை, ஆனால் வலி நிஜம்

அக்கா, ஆறு மாதமாக உடம்பெங்கும் வலி, தூங்கி எழுந்தாலும் அசதி, ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, வீட்டில் 'நடிக்கிறாள்' என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நடிப்பில்லை. இது ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நாள்பட்ட உடல்வலி நோயாக இருக்கலாம். அதில் மூட்டு கெடுவதில்லை. நரம்பு மண்டலம் வலியைக் கூட்டிக் காட்டுகிறது. அதனால் சோதனையில் சிக்காது. தைராய்டு குறைந்தாலும் இப்படி வலியும் அசதியும் வரும், அதைப் பார்த்தார்களா?

நான் தக்கலைக்காரி, எனக்கும் இதேதான். வலி குறைந்த நாளில் ரப்பர் ஷீட் முழுவதையும் ஒரே மூச்சில் காயப்போடுவேன், அடுத்த மூன்று நாள் படுக்கை. இப்போது பத்து ஷீட், அப்புறம் திண்ணையில் ஒரு கட்டன் சாயா, மிச்சம் பிறகு. நடையும் ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டினேன். மாத்திரையைவிட இதுதான் கைகொடுத்தது.

வர்ம ஆசானிடம் எண்ணெய் தடவுவது சுகம்தான், அழுத்திப் பிடிக்க விடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை வேண்டவே வேண்டாம், இந்த வலி அதற்குக் கேட்காது. வாதநோய் மருத்துவரிடம் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் நம்புவார்.