8 லட்சம் கொடுத்தால் போஸ்டிங்: கொடுக்கலாமா?

கேள்வி: டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். பக்கத்து ஊரில் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் 8 லட்சம் 'நன்கொடை' கொடுத்தால், படிப்பு முடிந்ததும் வேலை என்கிறார்கள். 2.4 லட்சம் டெபாசிட் இருக்கிறது. மீதிக்கு அம்மாவின் 10 பவுன் நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. செய்யலாமா?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேண்டாம். இது லஞ்சம், இதற்கு ரசீதும் வராது என்பதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வெறும் கணக்காகப் பார்த்தாலே தேறாது.

நிர்வாகத்தால் கொடுக்க முடிந்தது நியமன ஆணை மட்டும்தான். சம்பளம் அரசு மானியத்தில் வர வேண்டுமானால் கல்வித்துறை அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். அதற்கு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில், 1 முதல் 5 வகுப்புக்கான முதல் தாள் தேறியிருக்க வேண்டும். நீங்கள் இன்னும் படிப்பையே முடிக்கவில்லை. "எங்களுடையது சிறுபான்மைப் பள்ளி, டெட் தேவையில்லை" என்று சொல்லவும் ஆள் இருக்கும். அது உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பை வைத்துச் சொல்வது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை அதே நீதிமன்றம் 2025 செப்டம்பரில் பெரிய அமர்வின் பார்வைக்கு விட்டிருக்கிறது. அதை நம்பி நகையை அடகு வைக்க முடியுமா?

இன்னொன்று, பிள்ளைகள் எண்ணிக்கை. தொடக்கப் பள்ளியில் சுமார் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. சேர்க்கை குறைந்தால் பணியிடம் 'உபரி' ஆகிவிடும். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் வேன் ஏறி வேறு பள்ளிக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். புரோக்கர் சொல்லாதது அங்கே தெரிந்துவிடும்.

ஒப்புதல் இழுத்துக்கொண்டே போனால்? அடகுக் கடன் 5.6 லட்சம், வட்டி 10 சதவீதம் என்றால் மாதம் சுமார் 4,700 ரூபாய். நிர்வாகம் கைக்காசாக மாதம் 8,000 கொடுத்தாலும் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடும்.

உங்களுக்குப் பணம் தேவைப்படப்போவது காத்திருக்கும் காலத்துக்குத்தான். தமிழ்நாட்டில் டெட் ஆண்டுதோறும் வருவதில்லை. 2017, 2019, 2022, அப்புறம் 2025 என்றுதான் நடந்திருக்கிறது. தேறினாலும் உடனே வேலை இல்லை. 2018 அரசாணைப்படி தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. 1 முதல் 5 வகுப்புக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியர்களுக்கு அதை 2024 ஜூலையில் நடத்தினார்கள். நல்ல செய்தி, டெட் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600, படிகள் தனி. காத்திருக்கத் தகுந்த வேலைதான்.

எனவே டெபாசிட்டை இப்படிப் பிரியுங்கள். 40,000 சேமிப்புக் கணக்கில். மீதி 2 லட்சத்தை நான்கு 50,000 டெபாசிட்டுகளாக, ஆறு மாதத்துக்கு ஒன்று முதிரும்படி போடுங்கள். சென்னையில் ஹாஸ்டல் எடுத்துக் கோச்சிங் போவதை நான் ஆதரிக்கவில்லை. முதல் தாளுக்குப் பள்ளிப் பாடப்புத்தகங்களே அடிப்படை, அவை இணையத்தில் இலவசம். மாதிரித் தேர்வுக்கு மட்டும் கொஞ்சம் செலவழியுங்கள். மத்திய அரசின் தகுதித் தேர்வான சிடெட்டும் எழுதுங்கள், கேந்திரிய வித்யாலயா பக்கம் ஒரு கதவு திறக்கும்.

"பேசாமல் பி.எட். படி" என்று உறவில் யாராவது சொன்னால், உச்ச நீதிமன்றத்தின் 2023 ஆகஸ்ட் தீர்ப்புக்குப் பிறகு 1 முதல் 5 வகுப்புக்கு பி.எட். தகுதி ஆகாது என்று சொல்லிவிடுங்கள். அஞ்சல் வழியில் ஒரு பட்டம் படித்து வைப்பது வேறு, அது பின்னால் உதவும்.

இடையில் தனியார் பள்ளிக்குப் போனால் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், சரி. ஆனால் பி.எஃப். பிடிக்கிறார்களா, அதற்கான யூஏஎன் என்ற கணக்கு எண் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள். பல பள்ளிகள் அசலை வாங்கி வைத்துக்கொண்டு, ஆண்டு நடுவில் விலகினால் தர மறுக்கின்றன. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வரும் அன்று அவை உங்கள் கையில் இருக்க வேண்டும்.