கிருமியைத் தம்பிதான் கொண்டுவந்தானா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். இந்த 2025 சித்திரைக்குக் கொழும்பிலிருந்து தம்பி காய்ச்சலோடு வந்தான். பன்னிரண்டு நாளில் எனக்கும் வந்தது, சிக்குன்குனியா என்றார்கள். இரண்டு மாதமாகியும் காலையில் விரல் மடங்கவில்லை. இது உருமாறிய புதுக் கிருமி, தம்பிதான் கொண்டுவந்தான் என்று லயத்தில் பேசுகிறார்கள். 2008இல் கேகாலை ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அம்மாவுக்கும் இதே நோய் வந்தது. அவருக்குத் திரும்ப வருமா? என்ன கிருமி என்று மேலும் பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: முதலில் விரலைப் பார்ப்போம், தங்கச்சி. காலையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேராமல் கொழுந்தைக் கிள்ள முடியாது, பத்து மணிக்குப் பிறகுதான் கொஞ்சம் இளகும், அதற்குள் பாதி நாள் போய்விடும். இந்த நோய்க்கு அது வழக்கம்தான், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். வெந்நீரில் கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டுங்கள். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருந்தால் வாத நோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கடையில் கிடைக்கும் 'வலிக் குளிசை'யை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பனடோல் மட்டும்தான். அஸ்பிரின், இபுபுரோஃபன் கூடாது.

சரி, 'உருமாறிய கிருமி' கதைக்கு வருவோம்.

என் அப்பாவின் பெயர் கருப்பையா. பிறப்புப் பதிவில் எழுதியவர் அதைக் கருப்பாயி ஆக்கிவிட்டார், அதாவது பெண்ணாக்கிவிட்டார். அதைப் பார்த்து அடையாள அட்டை, அதைப் பார்த்து எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் என்று பிழை அப்படியே இறங்கி வந்தது (அதைத் திருத்த நாங்கள் அலைந்த அலைச்சல் தனிக் கதை). வைரஸும் இப்படித்தான். சிக்குன்குனியா வைரஸின் மரபுக் குறிப்பு ஏறக்குறைய 11,800 எழுத்து நீளமானது, அது தன்னைப் படியெடுக்கும்போது பிழை பார்க்க ஆள் இல்லை. விழுந்த எழுத்துப் பிழைகளில் சில அடுத்த படிக்கும் அதற்கடுத்த படிக்கும் போகின்றன. பல நோயாளிகளின் மாதிரிகளை வாசித்து, எந்தப் பிழை எந்தப் பிழைக்குப் பிறகு வந்தது என்று அடுக்கினால் ஒரு வம்சாவளி கிடைக்கும். பிழைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சேர்வதால் கிளை எப்போது பிரிந்தது என்றும் கணக்கிடலாம்.

ஆனால் ஒரு பிழையை மட்டும் வைத்து உறவு சொல்லக் கூடாது. இதைத்தான் லயத்தில் பேசுபவர்களுக்குச் சொல்ல ஆசை. இரண்டு கோப்புகளில் 'கருப்பாயி' இருந்தால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது என்று நினைப்போம், ஆனால் வேறு வேறு தோட்டத்தில் வேறு வேறு எழுத்தர் அதே தவறைச் செய்திருக்கலாம். பிறந்த வருடத்திலும் அம்மா பெயரிலும் அதே பிழைகள் இருந்தால்தான் நம்பலாம்.

வைரஸிலும் இது நடந்திருக்கிறது. 1952இல் இன்றைய தான்சானியாவின் மகொண்டே மேட்டுநிலத்தில் முதலில் அடையாளம் கண்ட நோய் இது. அதன் ஆப்பிரிக்க வம்சமொன்று 2004இல் கென்யாவின் கரையோரத்தில் கிளம்பி, கொமொரோஸ் வழியாக 2005இல் ரியூனியன் தீவுக்குப் போனது. அங்கே தொடக்கத்தில் எடுத்த மாதிரிகளில் இல்லாத ஒரு மாற்றம் சில மாதங்களில் பெரும்பாலானவற்றில் இருந்தது. மேலுறையிலுள்ள ஈ1 புரதத்தின் 226ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் கல்) போய் வலின் என்ற வேறொன்று வந்திருந்தது. ஒரே ஒரு எழுத்து மாறியதுதான் காரணம். அதனால் வைரஸ் புலி நுளம்பின் குடலில், அதாவது ஈடிஸ் அல்போபிக்டஸின் குடலில், சுலபமாகத் தொற்றியது. ரியூனியனில் அந்த நுளம்புதான் அதிகம். தீவின் மூன்றில் ஒரு பங்கு மக்கள் படுத்துவிட்டார்கள்.

2007இல் கேரளத்து ரப்பர் தோட்டங்களில் பால் பிடிக்கும் சிரட்டையில் தேங்கிய மழைத்தண்ணீரில் அதே நுளம்பு, வைரஸில் அதே மாற்றம். 2008இல் இலங்கையிலும் அதே. ரியூனியனிலிருந்து வந்தது என்றுதானே தோன்றும்? முழு வம்சாவளியையும் அடுக்கிப் பார்த்தபோது அப்படியில்லை, அந்தந்த இடத்தில் அந்தப் பிழை தனித்தனியாக விழுந்திருக்கிறது. புலி நுளம்பு நிறைந்த ஊரில் அந்தப் பிழையுள்ள படிக்கு வாழ்வு, மற்றதற்குத் தாழ்வு. ஆனால் அந்த மாற்றம் பலன் தர, புரதத்தின் மற்ற இடங்களும் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். ஆசியாவில் பல காலமாக இருந்த பழைய வம்சத்தில் அதே ஈ1 புரதத்தின் 98ஆம் இடம் வேறு மாதிரி இருந்ததால், 226இன் மாற்றம் அதற்குக் கை கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு அன்று வந்தது அந்தப் புலி நுளம்புக்கு இசைந்த வகையாக இருக்கலாம். உங்களுடையது அதன் நேர்ப் பிள்ளையாக இருக்காது. 2025இல் இலங்கையில் வாசித்த மாதிரிகளில் 226இன் மாற்றம் இல்லை. இரண்டு வேறு மாற்றங்கள் இருந்தன, அவை டெங்கை முதன்மையாகப் பரப்பும் ஈடிஸ் எஜிப்டி நுளம்புக்கு இசைவானவை என்று கருதப்படுகின்றன. ஆனாலும் இரண்டு நுளம்பும் இதைப் பரப்பும், உடம்புக்கு இரண்டும் சிக்குன்குனியாதான். ஒருமுறை வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தி பொதுவாக நீண்ட காலம் நிற்கும், அதனால் அம்மாவை நினைத்துப் பயப்பட வேண்டாம். டெங்குதான் நான்கு வகை, ஒன்று வந்துபோனாலும் மற்ற மூன்றும் காத்திருக்கும்.

மரபுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள். எந்தக் கிளை என்று தெரிந்தாலும் மருந்து மாறாது. இரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் வைரஸும் இருக்காது.

தம்பியா? இருக்கலாம். காய்ச்சலோடு வந்தவரைக் கடித்த நுளம்பு சில நாள் கழித்து உங்களைக் கடித்திருந்தால் பன்னிரண்டு நாள் கணக்குப் பொருந்துகிறது. ஆனால் அந்தச் சித்திரைக்குக் கொழும்பிலிருந்து மலையேறியது அவர் ஒருவர்தானா? அதோடு, அந்த நுளம்பு பஸ்ஸில் வரவில்லை, உங்கள் லயத்துப் பீலியிலோ பின்னால் கிடக்கும் பழைய டயரிலோ பிறந்தது. தம்பியைப் பேசுகிறவர்களை அந்த டயரைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது முதல் காய்ச்சல் வந்த திகதியை மறக்காமல் எழுதிக்கொண்டு போங்கள், மூன்று மாதத்தை அவர்கள் அதிலிருந்துதான் எண்ணுவார்கள்.