ஏழு தட்டும் நான்கு தட்டும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: கல்யாண வரவேற்புகளில் டிஜேயாக வாசிக்கிறேன். நான்கு தட்டில் ஓடும் ஹவுஸ் நடன இசைப் பாடல்களை ஒன்றோடொன்று கலப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் தட்டு சீராக விழாத பிரேக்பீட் பாடல்களையும், ஏழு தட்டில் அமைந்த ஒரு பாடலையும் சேர்க்கும்போது, இரு பாடல்களின் தட்டைத் தானாக ஒட்டவைக்கும் சிங்க் பட்டனை அழுத்தியும் ஒட்டவில்லை. கோளாறு மென்பொருளிலா, என்னிடமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: பெரும்பகுதி மென்பொருளில்தான். பாடலை ஏற்றும்போது மென்பொருள் உத்தேசமாகப் போட்டு வைக்கும் பீட் கிரிட்டை, அதாவது தட்டுகள் விழும் இடங்களைக் காட்டும் கட்டத்தை, நம்பியே சிங்க் பட்டன் வேலை செய்கிறது. ஹவுஸ் இசையில், நிமிடத்துக்கு 120 முதல் 130 வரை ஓடும் தட்டுகள் ஒவ்வொன்றிலும் கிக் (பெரிய டிரம்மின் அடி) விழுவதால் அந்தக் கணிப்பு பிசகுவது அரிது. பிரேக்பீட்டில் கிக் முந்தியும் பிந்தியும் விழுவதால் கிரிட் அரைத் தட்டு தள்ளிப் போய்விடும். 174 வேகத்துப் பாடலை 87 என்று குறித்து வைப்பதும் உண்டு.

1969-இல் வெளிவந்த ‘ஆமென், பிரதர்’ பாடலில் கிரிகரி கோல்மன் வாசித்த, ஏறத்தாழ 7 வினாடியே நீளும் டிரம் துண்டை வெட்டி ஒட்டித்தான் ஜங்கிள் என்னும் வேகமான பிரேக்பீட் வகைப் பாடல்கள் பல உருவாயின. எவ்வளவு வெட்டினாலும் அடியில் ஓடும் நடை மாறுவதில்லை. நையாண்டி மேளத்தில் தவில்காரர் என்ன புரட்டுப் புரட்டினாலும் தாளம் போடுபவர் கை பிசகாமல் தட்டிக்கொண்டிருப்பாரே, அந்தத் தட்டைப் பிடியுங்கள். ஹெட்போனில் கேட்டபடி தொடையில் தாளம் போட்டு, முதல் தட்டு எதுவென்று காதால் உறுதி செய்துகொண்டு கிரிட்டை அங்கே நகர்த்துங்கள். ஒரு பாடல் 126-இலும் மற்றது 128-இலும் ஓடினால், 15 வினாடிக்குள் அரைத் தட்டு விலகிவிடும் என்பதால் வேகத்தில் சிறு பிசகும் கூடாது.

ஏழு தட்டு நமக்குப் புதிதன்று. மூன்றும் நான்குமாக எண்ணினால் மிஸ்ர சாபு. (கல்யாணக் கூட்டம் அதற்கு எத்தனை நேரம் ஆடும் என்பது வேறு கேள்வி.) ஏழு தட்டுப் பாடலையும் நான்கு தட்டுப் பாடலையும் வேகம் சமப்படுத்தி ஒரே நேரத்தில் தொடங்கினால், அவற்றின் முதல் தட்டுகள் 28 தட்டுக்கு ஒருமுறைதான் சேர்ந்து விழும், 126 வேகத்தில் அது 13 வினாடிக்குச் சற்று அதிகம். அதுவரை, புதிதாக வரும் பாடலின் பேஸ் (தாழ்ந்த ஒலி) குமிழை முழுக்க இறக்கி வைத்திருந்து, அந்த இடத்தில் பழையதன் பேஸை இறக்கிப் புதியதை ஏற்றுங்கள். தானியங்கி லூப்புகள் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகள்) பெரும்பாலும் 4, 8, 16 தட்டு என்றே இருப்பதால், ஏழு தட்டு லூப்பின் தொடக்கத்தையும் முடிவையும் நீங்களேதான் குறிக்க வேண்டும்.

கேள்வி: ஊர்த் திருவிழாவில் பதிவு செய்த உறுமி மேளத்தை ஹவுஸ் பாடலோடு கலக்க முடியுமா?
— வாசகி, மேலூர்

பதில்: முடியும். ஆனால் கையால் வாசிக்கும் மேளம் போகப் போக வேகம் கூடும் என்பதால், ஒரே வேகத்துக்குப் போட்ட கிரிட் ஒத்துவராது. நடை நிலையாக இருக்கும் நான்கு ஆவர்த்தத்தை லூப்பாக வெட்டிக்கொள்ளுங்கள். முழுப் பதிவும் வேண்டுமென்றால் சிங்க்கை அணைத்துவிட்டு, பாடலை முன்பின் தள்ளும் ஜாக் வீலில் (சக்கரத்தில்) கை வைத்தபடி, மேளம் முந்தும்போதெல்லாம் இழுத்துப் பிடியுங்கள்.