பாட்டி மரத்தைத் தட்டினாரா?

கேள்வி: என் மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பால்மரம் வெட்டுவதற்கு, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதற்கு, ஆங்கிலத்தில் 'டேப்' என்று சொன்னேன். அகராதியில் 'மெல்லத் தட்டு' என்று போட்டிருக்கிறதாம். "பாட்டி மரத்தைத் தட்டுனாங்களா?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நல்ல கேள்வி. அகராதியில் இன்னும் கொஞ்சம் கீழே பார்க்கச் சொல்லுங்கள். ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு வினைச்சொற்கள் இருக்கும். தட்டுகிற டேப் பிரெஞ்சிலிருந்து வந்தது. மற்றது பழைய ஆங்கிலம். பீப்பாய்த் துளையை அடைக்கும் கட்டைக்கு அந்தப் பெயர். அடைப்பைத் திறந்து உள்ளே இருப்பதை வடித்தெடுப்பதுதான் பாட்டி செய்த டேப். தண்ணீர்க் குழாய்க்கும் அங்கிருந்துதான் பெயர் வந்தது.

என் அம்மாவும் இந்தப் பக்கத் தோட்டத்தில் மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறையில், பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைக்க நானும் கூடப் போவேன். விடியுமுன்னே, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நுனியில் பிடித்து ஒரே இழுப்பில் உரித்துவிடுவார். அதுதான் அந்த அடைப்பு. பிறகு கத்தியை வைத்து இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிவாகச் சீவுவார். சீவல் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையில் பட்டுவிட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிற்பாடு அதில் ஒழுங்காக வெட்டு விழாது. வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் இறங்கிப் பாலும் குறையும். அதற்குத்தான் அந்த இருட்டு நேரத்து வேலை. சில மணி நேரத்தில் பால் உறைந்து வெட்டைத் தானே மூடிக்கொள்ளும்.

மரத்தைக் கண்டபடி கொத்தாமல், ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவித் திறக்கலாம் என்று செய்து காட்டியவர் ஹென்றி ரிட்லி. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்றவர் அவர். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்துப் பக்கம் இன்னும் மரமாக நிற்கிறது. பக்கத்து ஊர்தானே, மகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கட்டுரையில் கவனிக்க வேண்டியது: இறந்த காலத்தில் எழுதும்போது 'பி' இரண்டு வர வேண்டும். ஒன்றை விட்டால், பாட்டி மரத்துக்கு ஒட்டுநாடா ஒட்டினார் என்று ஆகிவிடும். மரத்துக்கு முன்னால் 'ஆன்' போட வேண்டாம். போட்டால் மறுபடியும் தட்டல்தான். 'ஷீ டேப்ட் ரப்பர் ட்ரீஸ்' என்று நேராக எழுதட்டும். கத்தி பிடித்த விதத்தைப் பாட்டியிடமே கேட்டு ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். கை பழக வருஷக்கணக்கான வேலை அது. ஒரே வரியில் தாண்டிப் போவது நியாயமில்லை.

கேள்வி: போனை 'டேப்' செய்தார்கள் என்றால் பேச்சை நாடாவில் பதிவு செய்தார்கள் என்றுதானே அர்த்தம்?
- ஒரு வாசகர், லிந்தாங்

பதில்: இல்லை ஐயா. தமிழில் இரண்டையும் டேப் என்றே எழுதுகிறோம், அதனால் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நாடாவைச் சொல்லும்போது 'டேய்ப்' என்று ஒலி இழுபடும். மற்றதற்கு வாயை அகலத் திறந்து வெட்டென்று முடிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் நாடாவுக்குக் கடைசியில் ஓர் 'இ' உண்டு.

கம்பியில் போகும் பேச்சை நடுவில் இணைப்புப் போட்டு வடித்தெடுப்பதுதான் போன் டேப்பிங். பீப்பாய்க் குடும்பம். எதையும் பதிவு செய்யாமல் உட்கார்ந்து காதால் கேட்டாலும் அது டேப்பிங்தான். ஒட்டுக்கேட்பது என்ற நம் சொல் அதற்குச் சரியாகப் பொருந்தும்.

கேள்வி: 'டேப் இன்', 'டேப் இன்டு' இரண்டும் ஒன்றா?
- ஒரு மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: வேறு வேறு, தம்பி. ரயில் நிலையத்தில் டச் அன் கோ அட்டையைக் கருவியில் தொட்டு உள்ளே போவது டேப் இன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பந்தைக் காலால் லேசாகத் தள்ளிப் போடும் கோலுக்கும் அதே பெயர். இரண்டும் தட்டும் குடும்பம். சேமநிதிப் பணத்தில் கைவைப்பதைப் பத்திரிகைகள் டேப் இன்டு என்று எழுதும். அது வடிக்கிற குடும்பம்.