டிஸ்ப்ளே துறையை நம்பி மகளைப் படிக்க வைக்கலாமா?

“டிவி பேனல் எல்லாம் சீனாவிலிருந்துதானே வருகிறது, டிஸ்ப்ளே டெக்னாலஜி படித்துவிட்டு மகள் எங்கே வேலைக்குப் போவாள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல, ஒரு திரை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் வேலை கண்ணாடித் தகட்டின் மேல் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை உருவாக்குவது. அது நடக்கும் இடம் ஃபேப். தகடு பெரிதாகப் பெரிதாக ஃபேபின் தலைமுறை எண் கூடும். 10.5 தலைமுறை ஃபேபில் ஒரு தகட்டின் அளவு 2940 மி.மீ.க்கு 3370 மி.மீ., ஏறக்குறைய நம் வீட்டுப் படுக்கையறைத் தரையின் அளவு. அதில் எட்டு 65 இன்ச் பேனல் வெட்டலாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகத்தை அடைத்து வெட்டி எடுத்தால் அது ஓபன் செல். அதில் புள்ளிகளுக்குச் சிக்னல் அனுப்பும் சிப்பான டிரைவர் ஐசியை ஒட்டி, பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டைப் பொருத்தினால் மாடியூல். கேபினெட்டில் வைத்து மூடினால் டிவி.

மேலே சொன்ன திரவப் படிகத் திரைதான் எல்சிடி. பேக்லைட் இல்லாமல் புள்ளிகளே ஒளிரும் திரை ஓஎல்இடி. இந்தப் பேனல்களை வணிக அளவில் செய்யும் ஃபேப் இந்தியாவில் இல்லை. 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த செமிகண்டக்டர் திட்டத்தில் டிஸ்ப்ளே ஃபேபுக்கும் உதவி உண்டு. சிப் ஆலைகள் வரத் தொடங்கிவிட்டன, டிஸ்ப்ளே ஃபேப் வரவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பேனல் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், போடும் முதலோ மலையளவு. சாம்சங் டிஸ்ப்ளே 2022ல் எல்சிடியை விட்டே விலகியது. ஜப்பானில் ஷார்ப்பின் சகாய் ஆலை 2024ல் டிவி பேனல் உற்பத்தியை நிறுத்தியது. எல்ஜி டிஸ்ப்ளே சீனாவின் குவாங்சோவில் இருந்த தன் எல்சிடி ஆலையை அந்நாட்டு நிறுவனமான சிஎஸ்ஓடிக்கு விற்றது. ஆகவே “நான்கு வருடத்தில் ஃபேப் வந்துவிடும்” என்று யாராவது சொல்லி அட்மிஷன் போடச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் மாடியூல் வேலை இங்கே வந்துகொண்டிருக்கிறது. திருப்பதியில் சிஎஸ்ஓடியின் மாடியூல் ஆலை இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஃபாக்ஸ்கான் குழுமத்தின் யூசான் டெக்னாலஜி 13,180 கோடி ரூபாய் முதலீடு செய்ய 2024 அக்டோபரில் தமிழக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 22,919 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகத் திட்டத்தில் டிஸ்ப்ளே மாடியூலும் ஒன்று. அதே ஆண்டு பட்ஜெட்டில் இன்டராக்டிவ் பேனலுக்கு (தொட்டு இயக்கும் பெரிய திரைக்கு) இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்ந்தது, ஓபன் செல்லுக்கு 5 ஆகக் குறைந்தது. செல்லாகக் கொண்டுவந்து இங்கே முடித்துக்கொள் என்பதுதான் அதன் பொருள். மகளுக்கான வேலை அந்த இடைவெளியில் இருக்கிறது.

மாடியூல் என்றதும் ஸ்க்ரூ முடுக்கும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். உதாரணத்துக்குப் பாண்டிங், அதாவது ஒட்டும் வேலை. டிரைவர் ஐசி இருக்கும் ஃபிலிமைக் கண்ணாடி விளிம்பில் ஒட்ட ஏசிஎஃப் என்ற டேப் வேண்டும். அதற்குள் சில மைக்ரான் அளவே உள்ள, உலோகம் பூசிய உருண்டைகள் இருக்கும். சூடும் அழுத்தமும் கொடுத்தால் உருண்டைகள் நசுங்கி மேலும் கீழும் மட்டும் மின்சாரம் கடத்தும், பக்கவாட்டில் கடத்தாது. அழுத்தம் குறைந்தால் உருண்டை சரியாக நசுங்காது. ஆலையில் டெஸ்ட் பாஸாகும், ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் வீட்டில் திரையில் செங்குத்தாகக் கோடு விழும். அழுத்தம் கூடினால் கண்ணாடியில் விரிசல். டேப்பைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பையைப் பிரித்தால் அதன் மேல் ஈரம் படியும், ஒட்டு நிற்காது. அறை வெப்பநிலைக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது. இதையெல்லாம் கண்டுபிடித்து, காரணம் எழுதி, மெஷின் செட்டிங்கை மாற்றுபவர்தான் பிராசஸ் எஞ்சினியர். மகள் குறிவைக்க வேண்டியது இந்த இடத்தை.

தொழில்நுட்பம் போகும் திசையையும் தெரிந்துகொள்ளட்டும். பெரிய டிவியில் எல்சிடி போய்விடாது, மினி எல்இடி என்ற நுண்ணிய விளக்குகளாலான பேக்லைட்டோடு இன்னும் பல வருடம் இருக்கும். நல்ல விலை போன்களை ஓஎல்இடி பிடித்துவிட்டது, இப்போது டேப்லெட்டுக்கும் லேப்டாப்புக்கும் நகர்கிறது. அதற்காகத்தான் சாம்சங் கொரியாவின் அசானிலும், சீன நிறுவனமான பிஓஇ செங்டுவிலும் 8.6 தலைமுறை ஓஎல்இடி லைன் போடுகின்றன. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனி நுண் எல்இடிகளால் செய்யும் மைக்ரோ எல்இடி பற்றி நிறையப் பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல், ஒவ்வொன்றிலும் மூன்று நிறம், மொத்தம் 2.49 கோடி எல்இடி. அவற்றை உருவான இடத்திலிருந்து பெயர்த்துத் திரையில் வைப்பதில் 99.99 சதவீதம் வெற்றி என்றாலும் ஏறக்குறைய 2,500 புள்ளிகள் செத்திருக்கும். விலை குறையாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

எந்தப் படிப்பு? பெயரில் டிஸ்ப்ளே என்று இருக்கும் படிப்பைத் தேட வேண்டாம். கவுன்சிலிங்கில் ஈசிஇ அல்லது இன்ஸ்ட்ருமெண்டேஷன் எடுக்கட்டும். வேதியியல் பிடிக்கும் என்றால் கெமிக்கல், மெட்டீரியல்ஸ் இரண்டுமே நல்ல வழி, ஏனென்றால் ஓஎல்இடியின் மிகப் பெரிய சிக்கல் நீல நிறப் பொருளின் ஆயுள், அது வேதியியல் சிக்கல். ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் பிஎஸ்சி இயற்பியல், எம்எஸ்சி என்றும் போகலாம். சென்னை ஐஐடியில் அமோலெட் (போன்களில் வரும் ஓஎல்இடி வகை) ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பெங்களூரில் திரவப் படிக ஆய்வுக்கென்றே தொடங்கிய சென்ஸ் நிறுவனம் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977ல் அவர் குழுதான் காட்டியது.

ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு மூன்று மாதச் சான்றிதழ் தருபவர்களிடம் போவதைவிட வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய. 2.4 இன்ச் டிஎஃப்டி (சிறு வண்ணத் திரை) ஒன்றையும் அதை இயக்க ஒரு மைக்ரோகண்ட்ரோலரையும் வாங்கிக் கொடுங்கள். 240க்கு 320 பிக்சல், பிக்சலுக்கு 16 பிட். ஒரு படத்துக்கு 12,28,800 பிட். திரைக்குத் தகவல் அனுப்பும் எஸ்பிஐ என்ற இணைப்பு 10 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் நொடிக்கு எட்டுப் படம்தான் வரும், வீடியோ திக்கும். அதை 30க்கு எப்படிக் கொண்டுவருவது என்று அவளே போராடட்டும். இன்டர்வியூவில் அரைமணி நேரம் பேச அது போதும். தெரிந்த டிவி மெக்கானிக்கிடம் கோடு விழுந்த பேனலைக் கேட்டு வாங்கினால் பாண்டிங் விளிம்பை லென்ஸில் பார்க்கலாம். பவர் போர்டை மட்டும் தொட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டென்சரில் மின்சாரம் நிற்கும். மூன்றாம் வருடத்தில் பைதானும் படச் செயலாக்கமும் படிக்கட்டும், ஆலையில் குறைகளைக் கேமராதான் பிடிக்கிறது. மெஷின்கள் பெரும்பாலும் சீனா, கொரியா, ஜப்பானிலிருந்து வருவதால் அந்த மொழிகளில் ஒன்று ஓரளவு பேசத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு.

டிகிரி முடித்ததும் நேரடி வேலை கிடைக்காவிட்டால் என்ஏடிஎஸ் என்ற மத்திய அரசின் தொழிற்பயிற்சித் திட்டத்தில் அப்ரென்டிஸாக ஒரு வருடம் இருக்கலாம். சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் அதைப் பார்த்துக்கொள்கிறது.

கடைசியாக, ஆஃபர் கையில் வந்ததும் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதவி ஆபரேட்டரா, எஞ்சினியரா? ஆலையின் நேரடி ஊழியரா, கான்ட்ராக்டர் ஊழியரா? ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், இரவு ஷிஃப்டுக்கு வண்டி வீட்டுவரை வருமா, ஹாஸ்டல் வரைதானா? கிளீன்ரூமுக்குள் பவுடர், மை, பொட்டு, பூ எதற்கும் அனுமதி இருக்காது, உடல் முழுக்க மூடிய உடையில்தான் நிற்க வேண்டும். அதை முதல் நாள் ஆலையில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.